சால்மன் வறுவலும் பச்சிலைச் சாலடும்

கடலோரத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு மீன் சமைக்க ஒருவர் கற்றுத்தர வேண்டுமா என்று தோழியர் சிரிக்கலாம். தூத்துக்குடியில் மீன் வாசம் இல்லாத தெரு ஏது? ஆயினும் நாள்தோறும் செய்யும் வேலையைத்தான் நாம் மிகக் குறைவாக எண்ணிப் பார்க்கிறோம். மீன் ஏன் கல்லில் ஒட்டிக்கொள்கிறது? ஒருநாள் பஞ்சு போலவும் மறுநாள் மரச்சில்லு போலவும் ஆவது ஏன்? எலுமிச்சம்பழம் பிழிவது சுவைக்கு மட்டுந்தானா?

இக்கேள்விகளுக்கு விடை காண, நம் கடலில் இல்லாத ஒரு மீனை எடுத்துக்கொள்கிறேன். அதுதான் சால்மன். அதைத் தட்டையான சட்டியில் சிறிதளவு எண்ணெயில் வறுத்து, பச்சிலைச் சாலடுடன் உண்பது மேல்நாட்டு இல்லங்களில் பழகிப்போன ஓர் உணவு. சமைக்க அரைமணி நேரம் போதும். செய்முறை எளிது, ஆனால் ஒவ்வொரு படிக்கும் ஒரு காரணம் உண்டு. அக்காரணங்களை அறிந்துகொண்டால் எந்த மீனையும் நன்றாகச் சமைக்கலாம் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

ஆற்றில் பிறந்து கடலில் வளரும் மீன்

சால்மன் குளிர்நாட்டு மீன். அட்லாண்டிக் சால்மன் குளிர்ந்த ஆறுகளின் கூழாங்கற்களுக்கிடையே முட்டையிலிருந்து வெளிவருகிறது. சில ஆண்டுகள் நன்னீரில் வாழ்ந்து, பின் கடலுக்குச் செல்கிறது. அங்கே இரை தின்று கொழுத்து, முட்டையிடும் பருவம் வந்ததும் தான் பிறந்த ஆற்றையே தேடித் திரும்புகிறது! பிறந்த ஆற்று நீரின் மணத்தை நினைவில் கொண்டே அது வழி கண்டுபிடிக்கிறது என்று அறிவியலார் கூறுகின்றனர். நீரோட்டத்தை எதிர்த்து நீந்தி, சிறு அருவிகளையும் தாவிக் கடக்கிறது. இந்த நீண்ட பயணத்திற்கான எரிபொருளாகத்தான் அது தன் தசையில் கொழுப்பைச் சேமித்து வைக்கிறது. சால்மனின் மென்மைக்கும் அதன் சத்துக்கும் காரணம் அக்கொழுப்பே.

அதன் சதை இளஞ்சிவப்பாக இருப்பதற்கும் காரணம் உண்டு. கடலில் அது உண்ணும் கூனி போன்ற சிற்றுயிர்களில் 'அஸ்டாஸாந்தின்' என்னும் நிறமி இருக்கிறது. கேரட்டுக்கு நிறம் தரும் பொருளின் உறவுப் பொருள் அது. பண்ணைகளில் வளரும் சால்மனுக்குத் தீவனத்தோடு இந்நிறமியைக் கலந்து தருகிறார்கள். 1970ஆம் ஆண்டு வாக்கில் நார்வே நாட்டில் சால்மன் பண்ணைத் தொழில் வேரூன்றியது. இன்று விற்பனைக்கு வரும் அட்லாண்டிக் சால்மனில் மிகப் பெரும்பகுதி கடலில் மிதக்கும் வலைக்கூண்டுகளில் வளர்ந்ததே.

அயர்லாந்து மக்கள் சால்மனைத் தம் நாட்டின் பெருமைகளுள் ஒன்றாகவே கருதுகின்றனர். 1842ஆம் ஆண்டில் பிரசன்டேஷன் சபைக் கன்னியர் சென்னைக்கு வந்தது அந்நாட்டிலிருந்துதான்; ஆகவே அது நம் கன்னியர் பள்ளிகளுக்குப் புதிய பெயரன்று. 1928இல் அந்நாடு தன் முதல் நாணயங்களை வெளியிட்டபோது இரண்டு ஷில்லிங் நாணயத்தில் சால்மனைப் பொறித்தது. அவர்களுடைய பழங்கதை ஒன்றும் சால்மன் சமையலைப் பற்றியதே. பாயின் ஆற்றில் உலக அறிவையெல்லாம் தன்னுள் கொண்ட ஒரு சால்மன் இருந்ததாம். ஒரு முதிய புலவர் பல்லாண்டுகள் காத்திருந்து அதைப் பிடித்தார். அதைச் சமைக்கும்படி தம் மாணவனான ஃபின் என்ற சிறுவனிடம் தந்து, ஒரு துளியும் உண்ணக் கூடாது என்று எச்சரித்தார். மீன் வேகும்போது அதன் தோலில் ஒரு கொப்புளம் எழுந்தது. சிறுவன் அதைக் கட்டைவிரலால் அமுக்க, விரல் சுட்டுவிட்டது. சூடு தாங்காமல் விரலை வாயில் வைத்தான். உலக அறிவெல்லாம் அவனைச் சேர்ந்துவிட்டது! அடுப்பருகே கவனமாக நிற்பவருக்கே அறிவு கிட்டும் என்று நாம் இக்கதைக்குப் பொருள் சொல்லலாம் அல்லவா?

காட்டாறுகளில் வாழும் சால்மன் இப்போது குறைந்து வருகிறது. அதனால் 2007ஆம் ஆண்டு முதல் அயர்லாந்துக் கடலில் மிதக்கும் வலை விட்டுச் சால்மன் பிடிப்பது தடை செய்யப்பட்டுள்ளது.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். நம் கடலில் கிடைக்கும் காலா மீனை ஆங்கிலத்தில் 'இந்தியன் சால்மன்' என்று அழைக்கிறார்கள். பெயர்தான் ஒன்று, குடும்பம் வேறு. காலா மீனின் முன்துடுப்புகளுக்குக் கீழே நூல் போன்ற இழைகள் இருக்கும்; சதை வெண்மையாக இருக்கும். சால்மனின் உண்மையான உறவினர் நம் மாநிலத்தில் உண்டென்றால் அது நீலகிரி ஓடைகளில் உள்ள டிரவுட் மீன்தான். ஆங்கிலேயர் காலத்தில் அதைக் கொண்டுவந்து விட்டார்கள். அவலாஞ்சியில் அதற்கென ஒரு குஞ்சு பொரிப்பகமும் உண்டு.

தேவையான பொருள்கள் (நான்கு பேருக்கு)

தோலுடன் கூடிய, முள் நீக்கிய சால்மன் துண்டுகள் நான்கு (ஒவ்வொன்றும் சுமார் 150 கிராம்), எண்ணெய் ஒன்றரை மேசைக்கரண்டி, உப்பு, மிளகுத்தூள், எலுமிச்சம்பழம் ஒன்று.

சாலடுக்கு: லெட்டூஸ் இலைகள் ஒரு கட்டு, வெள்ளரிக்காய் ஒன்று, தக்காளி இரண்டு, சிறிய வெங்காயம் ஒன்று, கொத்தமல்லித்தழை ஒரு கைப்பிடி. அதன்மேல் ஊற்ற: எண்ணெய் மூன்று மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு ஒரு மேசைக்கரண்டி, அரைத்த கடுகு கால் தேக்கரண்டி, உப்பு, மிளகு.

செய்முறையும் காரணமும்

முதலில், மீன் துண்டுகளைத் தூய துணியால் நன்றாக ஒற்றி ஈரத்தை எடுத்துவிட வேண்டும். இதுவே எல்லாவற்றிலும் முக்கியமான படி. தண்ணீர் நூறு டிகிரி செல்சியஸில் கொதித்து ஆவியாகிறது. மீனின் மேல் ஈரம் இருக்கும்வரை அப்பகுதியின் சூடு அதற்கு மேல் ஏறாது. மீன் பொன்னிறமாக வேண்டுமானால் ஏறத்தாழ 140 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அந்தச் சூட்டில் புரதத்தின் கூறுகளும் சர்க்கரைகளும் சேர்ந்து புதிய நிறத்தையும் மணத்தையும் உண்டாக்குகின்றன. லூயி கமீல் மயார் என்ற பிரெஞ்சு வேதியியலார் 1912இல் இதை விளக்கினார். தோசை முறுகுவதும், ரொட்டியின் மேல்தோல் சிவப்பதும், காப்பிக்கொட்டை வறுபடும்போது மணப்பதும் இந்த வினையால்தான். ஈரமான மீனைச் சட்டியில் இட்டால் அது வறுபடாது, அவிந்துதான் போகும்.

இரண்டாவது, சட்டியை முதலில் நன்றாகக் காயவிட வேண்டும். ஒரு துளி நீர் தெளித்தால் சீறி ஓட வேண்டும். நீர் வற்றிய பிறகு எண்ணெய் ஊற்றிப் பரப்ப வேண்டும். காயாத சட்டியில் மீனை வைத்தால் அதன் புரதம் இரும்போடு பிணைந்து ஒட்டிக்கொள்ளும். காய்ந்த எண்ணெய் இரண்டுக்கும் இடையே திரையாக நிற்பதோடு, மீனின் மேற்பரப்பை உடனே இறுகவும் செய்கிறது.

மூன்றாவது, உப்பும் மிளகும் தூவி, தோல் அடிப்பக்கம் இருக்குமாறு துண்டை நமக்கு எதிர்ப்புறமாகச் சாய்த்து வைக்க வேண்டும். எண்ணெய் நம்மேல் தெறிக்காது. சூடு பட்டதும் தோல் சுருங்கித் துண்டு வளையப் பார்க்கும். தோசைத் திருப்பியால் கால் நிமிடம் மெல்ல அழுத்திப் பிடித்தால் தட்டையாகவே இருக்கும்.

நான்காவது, தீயை மிதமாக்கிவிட்டு மீனைத் தொடாமல் விட்டுவிட வேண்டும். இதுதான் பலருக்கும் கடினம்! ஒட்டியிருக்கிறதோ என்று அடிக்கடி கிளறினால் மீன் உடைந்துவிடும். அடிப்பக்கம் முறுகிய பின் மீன் தானாகவே சட்டியை விட்டு எழும்பிவிடும். சால்மனின் பக்கவாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால், கீழிருந்து மேலாக நிறம் வெளிறிக்கொண்டு போவது தெரியும். ஓர் அங்குல கனமுள்ள துண்டுக்கு ஆறு நிமிடம் ஆகலாம். முக்கால் பங்கு வெளிறியதும் ஒரே ஒரு முறை திருப்பி, மேலும் இரண்டு மூன்று நிமிடம் வைத்தால் போதும்.

ஐந்தாவது, அடுப்பை அணைத்தபின் தட்டில் எடுத்து இரண்டு நிமிடம் ஆறவிட வேண்டும். வெளிப்புறச் சூடு உள்ளே சென்று மிச்ச வேலையை முடித்துவிடும். முட்கரண்டியால் அழுத்தினால் சதை ஏடு ஏடாகப் பிரிந்தால் வெந்துவிட்டது என்று பொருள். மீனின் நடுவே சூடு 63 டிகிரியை எட்ட வேண்டும் என்பது அமெரிக்க உணவுப் பாதுகாப்புத் துறையினரின் அறிவுரை. சிலர் நடுப்பகுதி சற்று வேகாமலே உண்கிறார்கள். ஆனால் குழந்தைகளும் முதியோரும் கருவுற்ற தாய்மாரும் முழுதும் வெந்ததையே உண்ண வேண்டும்.

ஆட்டிறைச்சி வேக நெடுநேரம் ஆகும்போது மீன் மட்டும் ஏன் பத்து நிமிடத்தில் வேகிறது? நிலத்தில் வாழும் விலங்கு தன் உடற்பாரத்தைத் தானே தாங்க வேண்டும். அதனால் அதன் தசைகளை வலிமையான இணைப்புத் திசுக்கள் கட்டியிருக்கின்றன. மீனின் பாரத்தை நீரே தாங்கிக்கொள்கிறது. அதன் தசைநார்கள் குறுகியவை. அவற்றைக் கட்டும் திசுக்களோ மெல்லிய ஏடுகள். சிறு சூட்டிலேயே அவை இளகிவிடும். அதற்கு மேலும் தீயில் வைத்தால் தசையிலுள்ள நீர் பிழியப்பட்டு வெளியேறி, சதை வறண்டு போகும். சால்மனின் மேல் வெண்மையாகத் திரண்டு கசிவது இவ்வாறு வெளியேறும் புரதமே. அது மிகுதியாகத் தெரிந்தால் அடுப்பை அணைக்கும் வேளை கடந்துவிட்டது என்று அறியலாம்.

இறுதியாக எலுமிச்சை. கடல்மீனின் உடலில் உள்ள ஒரு பொருள், மீன் இறந்தபின் சிதைந்து 'டிரைமெத்தில் அமீன்' ஆகிறது. மீன் நாற்றம் என்று நாம் சொல்வது பெரிதும் இதுவே. இது காரத்தன்மை உடையது. அமிலம் சேர்ந்தால் இதன் வீச்சம் அடங்கிவிடும். மேல்நாட்டார் எலுமிச்சை பிழிகிறார்கள். நம் முன்னோர் குழம்பில் புளி கரைத்து ஊற்றினார்கள். வேதியியல் நூலைத் திறவாமலே நம் பாட்டிமார் அறிந்திருந்த உண்மை இது!

பச்சிலைக் கிண்ணம்

சாலட் என்ற சொல்லுக்கு உப்பு என்ற பொருளுடைய இலத்தீன் சொல்லே மூலம். பழைய ரோமானியர் பச்சைக் காய்களையும் இலைகளையும் உப்பிட்டு உண்டனர்.

பச்சையாக உண்பதற்குக் காரணம், வைட்டமின் சி சூட்டில் அழியும். வேகவைத்த நீரிலும் கரைந்து போகும் என்பதே. எண்ணெய் ஊற்றுவதற்கும் காரணம் உண்டு. கீரையிலும் கேரட்டிலும் உள்ள, வைட்டமின் ஏ-யாக மாறும் சத்தும், கீரையிலுள்ள வைட்டமின் கே-யும் கொழுப்பில் கரைபவை; சிறிது எண்ணெய் சேர்ந்தால்தான் உடல் அவற்றை நன்கு ஏற்றுக்கொள்ளும். எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் தாமாகச் சேரா. கடுகு விழுதைச் சேர்த்து வேகமாக அடித்தால் சற்று நேரம் ஒன்றாக நிற்கும். இதைப் பரிமாறும் வேளையில்தான் இலைகளின்மேல் ஊற்ற வேண்டும். முன்கூட்டியே ஊற்றினால் உப்பு இலைகளின் நீரை வெளியே இழுத்துவிடும்; இலைகள் துவண்டுவிடும்.

நம் ஊரில் சாலட் செய்வோர் மறவாமல் கவனிக்க வேண்டியது தூய்மை. வேகாத இலையில் மண்ணும், கிருமியும், புழுவின் முட்டையும் ஒட்டியிருக்கலாம். வாடிய இலைகளை நீக்கி, ஒவ்வோர் இலையாகப் பிரித்து, ஓடும் குடிநீரில் பலமுறை கழுவி, ஈரம் போகத் துடைக்க வேண்டும். மீன் நறுக்கிய பலகையிலும் கத்தியிலும் சாலடை நறுக்கவே கூடாது. மீனிலுள்ள கிருமி அடுப்பில் அழியும்; இலையில் ஏறிவிட்டால் நேரே வயிற்றுக்குப் போகும்.

லெட்டூஸ் நீலகிரியில் பயிராகிறது. எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. கிடைக்காவிட்டால் முட்டைக்கோஸின் உள்ளிலைகள், கொத்தமல்லி, புதினா ஆகியவை போதும். யாழ்ப்பாணத்தில் வல்லாரையை மிகப் பொடியாக அரிந்து, வெங்காயமும் தேங்காய்த் துருவலும் சேர்த்து, தேசிக்காய்ப் புளி விட்டுச் சம்பல் செய்வார்கள். அதுவும் பச்சிலைச் சாலடே அன்றி வேறென்ன?

விலையுயர்ந்த மீன்தான் வேண்டுமா?

இவ்வளவும் எழுதியதற்குக் காரணம் எங்கள் வீட்டில் நடந்த ஒன்று. என் தாத்தாவுக்குச் சென்ற ஆண்டு நெஞ்சுவலி வந்தது. வீடு திரும்பும்போது, எண்ணெயில் முழுகப் பொரித்த மீனை விட்டுவிட வேண்டும், ஆனால் மீனை விடக் கூடாது என்று மருத்துவர் சொன்னார். அறுபது ஆண்டுகளாகப் பொரித்த மீனையே உண்டு வந்த தாத்தா, குழம்பு மீனைத் தொட்டும் பார்க்கவில்லை. உணவே இறங்காமல் மெலிந்து போனார்.

அப்போது அயர்லாந்தில் செவிலியராகப் பணிபுரியும் என் சித்தி விடுமுறையில் வந்தார். சால்மன் வறுக்கும் முறையை எங்கள் தோசைக்கல்லில் சீலா மீனைக் கொண்டே செய்து காட்டினார். ஆச்சி, "ஏளா, மசாலா இல்லாம மீனா? வாயில வைக்க முடியுமா?" என்று அங்கலாய்த்தார். "ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்கம்மா" என்றார் சித்தி. ஆச்சி ஒன்றும் பேசாமல் இரண்டு துண்டுகளை உண்டுவிட்டு, "மிளகு இன்னுங் கொஞ்சம் போட்டிருக்கலாம்" என்றார். தாத்தாவின் தட்டில் முள் மட்டுமே மிஞ்சியது. அன்றிலிருந்து வாரம் இருமுறை எங்கள் வீட்டில் கல்லில் வறுத்த மீன்தான். சாலட் நறுக்குவது என் வேலை.

சால்மன் இன்று பெருநகரக் கடைகளில் கிடைக்கிறது. ஆனால் வெளிநாட்டிலிருந்து பனிக்கட்டியில் வருவதால் விலை மிக அதிகம். அதற்காக வருந்த வேண்டியதில்லை. சால்மனைப் புகழ்வதற்குக் காரணமான 'ஒமேகா-3' கொழுப்பு அமிலங்கள் நம் சாளை மீனிலும் நிறைய உண்டு. வேறு ஊர்களில் மத்தி என்று சொல்வது இதைத்தான். கானாங்கெளுத்தி எனப்படும் அயலையிலும் அவை உண்டு. அமெரிக்க இதயநோய்ச் சங்கம் வாரம் இருமுறை மீன் உண்ணுமாறு அறிவுறுத்துகிறது. கொழுப்புள்ள மீன்களைச் சிறப்பாகச் சொல்கிறது. வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி தவிர்த்து மீன் சமைக்கும் நம் இல்லங்களில் இது கடினமன்று. மீன் மருந்துக்கு ஈடாகாது. ஆனால் நல்ல உணவாக மருந்துக்குத் துணை நிற்கும்.

சாளையைச் சுத்தம் செய்து, இருபுறமும் கீறி, ஈரம் போக ஒற்றி எடுங்கள். மஞ்சள், மிளகாய்த்தூள், உப்பு ஆகியவற்றை மெல்லிய பூச்சாக மட்டும் தடவுங்கள்; கனமாகப் பூசினால் மீன் வேகுமுன் மசாலா கருகிவிடும். காய்ந்த கல்லில் இரண்டு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, ஒவ்வொரு பக்கமும் மூன்று நான்கு நிமிடம் வறுத்தால் போதும். அரை அங்குல கனமுள்ள சீலாத் துண்டுக்கும் ஏறத்தாழ அதே நேரந்தான்.

மீன் வாங்கும்போதும் கவனம் வேண்டும். கண் தெளிவாகவும், செவுள் சிவப்பாகவும் இருக்க வேண்டும். விரலால் அழுத்திய குழி உடனே நிமிர வேண்டும். சாளை, அயலை, சூரை ஆகிய மீன்கள் பனிக்கட்டியின்றி வெயிலில் கிடந்தால் அவற்றில் 'ஹிஸ்டமின்' என்ற பொருள் பெருகி, உண்டவருக்கு முகம் சிவத்தல், தலைவலி, தடிப்பு ஆகியவற்றை உண்டாக்கும். எவ்வளவு வேகவைத்தாலும் அது அழியாது. நல்ல சமையல் அடுப்பில் தொடங்குவதில்லை. மீன்கூடையின் முன்னே குனிந்து பார்ப்பதில் தொடங்குகிறது.

அன்புத் தோழியரே! சமையலறையும் ஓர் ஆய்வுக்கூடமே. ஆவியாதல், சவ்வூடு பரவல், அமிலமும் காரமும் என்று நாம் வகுப்பில் படிப்பவை யாவும் அங்கே நாள்தோறும் நிகழ்கின்றன. மீனுக்கு வேண்டியவை உலர்ந்த மேனியும், காய்ந்த கல்லும், சிறிது எண்ணெயும், பொறுமையும்தான். மீன் சால்மனாயினும் சாளையாயினும், எப்போது அடுப்பை அணைப்பது என்று அறிந்த கையே சுவையைத் தருகிறது. அடுத்த முறை அம்மா மீன் வறுக்கும்போது அருகில் நின்று பாருங்கள். கிண்ணம் நிறையப் பச்சிலை நறுக்கி வையுங்கள். வீட்டாரின் நலம் காக்கும் கல்வியில் அதுவும் ஒரு பாடம்.

— பத்தாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு